கேரவன் வேனுக்கு எந்த பல்பு? கேள்வி பதில்

வேலூரில் வண்டி எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவன் என்பதால், வேனைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கும் நண்பர்கள் உள்விளக்கு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

காட்பாடி: அண்ணா, ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் எல்இடி போட்டேன். சில மாதத்திலேயே வரிசையாகப் போய்விட்டன. கம்பெனி சரியில்லையா?

தம்பி, கம்பெனியைப் பார்ப்பதற்கு முன்னால் வோல்டேஜைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி என்பது பேருக்குத்தான். முழு சார்ஜில் சும்மா நிற்கும்போதே 12.6, 12.8 காட்டும். எஞ்சினைப் போட்டால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 13.8-இலிருந்து 14.4 வரை கொடுக்கும். கூரையில் சோலார் இருந்தால் எஞ்சின் ஓடாமலேயே பகலில் அந்த அளவுக்கு ஏறும். விலை குறைந்த எல்இடிக்குள் கரண்டைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் மட்டும்தான் இருக்கும். எல்இடியைப் பொறுத்தவரை வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே கரண்ட் நிறைய ஏறிவிடும். அந்தச் சூட்டில்தான் பல்பு போகிறது. வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்கு விற்கும் 12 வோல்ட் பல்புகளும் நிலையான 12 வோல்ட்டை நம்பிச் செய்தவைதான்.

அட்டையில் "10–30 வோல்ட் டிசி" என்று போட்டிருப்பதை வாங்குங்கள். உள்ளே டிரைவர் என்ற சின்ன சர்க்யூட் இருக்கும், வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் எல்இடிக்குப் போகும் கரண்டை மாறாமல் வைத்துக்கொள்ளும். வாங்கியது சரியா என்று பார்ப்பதும் சுலபம். இரவில் விளக்கைப் போட்டுவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் சட்டென்று கூடினால் உள்ளே டிரைவர் இல்லை, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே நிறுத்திய வேனின் கூரையைத் தொட முடியாது. அந்தக் கூரையை ஒட்டி, காற்றே போகாத மூடிய கண்ணாடிக்குள் பல்பை அடைத்தால் ஆயுள் குறையத்தான் செய்யும். அங்கே அதிக வாட்ஸ் வேண்டாம். பின்புறம் அலுமினியம் உள்ள பல்பாகப் பாருங்கள்.

ராணிப்பேட்டை: பழைய பஸ்ஸை மாற்றிக் கட்டியிருக்கிறோம், 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் எல்இடியை சீரியலில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, போடலாமா?

வேண்டாம் சார். டிரைவர் உள்ள இரண்டு பல்புகள் வோல்டேஜைச் சமமாகப் பிரித்துக்கொள்ளாது. ஒன்று அதிகம் வாங்கிப் போய்விடும், இன்னொன்று மினுக்கும். 24 வோல்ட் வண்டியில் சார்ஜ் ஆகும்போது 28.8 வரை போகும், அதனால் 10–30 வோல்ட் பல்பே உங்களுக்கும் போதும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 24 வோல்ட்டுக்காகச் சேர்த்து வைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துப் பல நாள் ஓட்டுகிறார்கள். ஒன்று சார்ஜ் இறங்கியே கிடக்கும், மற்றது அதிகமாக சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் கெடும். 12 வோல்ட் கட்டாயம் வேண்டுமென்றால் 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள்.

ஆம்பூர்: கடையில் என்ன பேர் சொல்லிக் கேட்பது?

பேரை விடுங்கள், பழைய பல்பையே கையில் கொண்டு போங்கள். இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது. 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் ஜி4. அமுக்கித் திருப்பும் பல்பானால் அடியில் புள்ளி ஒன்றா இரண்டா, பக்கத்து முளைகள் ஒரே உயரமா ஏறியிறங்கியா என்று பாருங்கள். முளை ஏறியிறங்கி இருப்பது பிரேக்குக்கும் டெயிலுக்கும் சேர்த்து வரும் இரட்டை இழை பல்பு. இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் ஃபெஸ்டூனை முனைக்கு முனை அளந்து வாங்குங்கள். 31 மில்லிமீட்டர் இடத்தில் 36 உட்காராது. ஜி4-இல் வட்டத்தட்டு போல வரும் எல்இடி சிலவற்றில் கம்பி பக்கவாட்டில் இருக்கும், சிலவற்றில் பின்னால். ஃபிட்டிங்கின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஜியூ10 என்று எழுதியிருந்தால் அது 230 வோல்ட், வீட்டுக்கானது.

குடியாத்தம்: 10 வாட்ஸ் ஹாலஜனுக்குப் பதில் எத்தனை வாட்ஸ் எல்இடி?

வாட்ஸைப் பார்க்காமல் வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள். 10 வாட்ஸ் ஹாலஜன் சுமார் 120, 140 லூமன் தரும். 2 வாட்ஸ் எல்இடியே அதைக் கொடுத்துவிடும். ஆறு ஹாலஜன் எரிந்தால் 60 வாட்ஸ், அதாவது 5 ஆம்பியர். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்துவது நல்லது, அந்தப் பாதி பத்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆறும் 2 வாட்ஸ் எல்இடி என்றால் 1 ஆம்பியர்தான், அதே பாதி ஐம்பது மணி நேரம் வரும். புது பேட்டரி வாங்க யோசிப்பவர்கள் முதலில் பல்பை மாற்றுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

ஆரணி: தம்பி, எல்இடி போட்டதிலிருந்து வேனுக்குள் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

6500 கெல்வின் வாங்கியிருப்பீர்கள் அக்கா. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான எண், கூடினால் நீல வெள்ளை, குறைந்தால் மஞ்சள். படுக்கும் இடத்துக்கு 2700 அல்லது 3000, அடுப்புப் பக்கம் 4000 போடுங்கள்.

திருப்பத்தூர்: புது ஜி4 எல்இடி எரியவே இல்லை.

கழற்றித் திருப்பிப் போடுங்கள். சில எல்இடிகளுக்கு பிளஸ் மைனஸ் உண்டு.

வாணியம்பாடி: இண்டிகேட்டருக்கு எல்இடி போட்டேன், படபடவென்று வேகமாக அடிக்கிறது.

பழைய பல்பு 21 வாட்ஸ். எல்இடி எடுப்பது மிகக் குறைவு என்பதால், பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதென்று நினைத்து, இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ஃபிளாஷர் வேகமாக அடிக்கிறது. பழைய பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்க லோட் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். அது 20 வாட்ஸுக்கு மேல் சூடாகும், பிளாஸ்டிக்கின் மேலோ ஒயரின் மேலோ பட்டால் உருக்கிவிடும். எல்இடிக்கு ஏற்ற எலக்ட்ரானிக் ஃபிளாஷர் ரிலேயை மாற்றுவதே நல்லது. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடி போடுங்கள். வெள்ளை எல்இடியில் சிவப்பு குறைவு, பிரேக் லைட் மங்கித் தெரியும்.

ஹெட்லைட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் சொருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, எதிரே பைக்கில் குழந்தையோடு யாராவது வருவார்கள். கம்பெனி அமைப்பை மீறி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தடுக்கிறது.

போளூர்: ஜவ்வாது மலையில் தங்கும்போது வெளி விளக்கைப் போட்டால் பூச்சி மொய்க்கிறது.

நீலம் கலந்த வெள்ளைக்குத்தான் பூச்சி அதிகம் வரும். மஞ்சள் அல்லது ஆம்பர் போடுங்கள், அடியோடு நிற்காது, நன்றாகக் குறையும். மேலே மறைப்பு வைத்து வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி செய்யுங்கள். அதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே வைத்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். ஆலங்காயம் பக்கம் தங்கினால் சாப்பிட்டதும் வெளி விளக்கை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து.

ஆற்காடு: விளக்கைப் போட்டால் எஃப்எம் ரேடியோ இரைகிறது.

மலிவான டிரைவர்தான் காரணம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒவ்வொரு பல்பாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் இரைச்சல் நிற்கிறதோ, அதை மட்டும் வேறு கம்பெனியில் மாற்றுங்கள்.