ஸ்கோப் நார்மல், ஸ்கேன் நார்மல், வயிறு மட்டும் அடங்கவில்லை

கேள்வி: எனக்கு 41 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில் இருக்கிறோம், சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை உண்டு. போன ஜூலை மழையில் ஆரம்பித்தது, எட்டு மாதமாகிறது. காலையில் மூன்று, நான்கு தடவை போக வேண்டியிருக்கிறது. மத்தியானத்துக்குள் வயிறு பானை போல உப்பிவிடுகிறது. ஏப்பத்தில் அழுகிய முட்டை வாடை. இலை பறிக்கத் தோட்டத்துக்குள் போகவே பயமாக இருக்கிறது. கோவைக்கு இறங்கி எண்டோஸ்கோப்பியும் வயிற்று ஸ்கேனும் எடுத்தோம். இரண்டும் நார்மல். ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்த கேஸ் மாத்திரையைக் கடையில் வாங்கி இன்னும் போட்டுவருகிறேன். பால் குடிக்கும் பழக்கமில்லை, ஐந்தாறு டீ மட்டும்தான். குடிப்பது நல்ல ஊற்றுத் தண்ணீர். கோதுமை ஆகாது என்றார்கள், மூன்று மாதமாகச் சப்பாத்தியைத் தொடவில்லை. டீயோடு வர்க்கி மட்டும் சாப்பிடுவேன். எடை மூன்று கிலோ குறைந்துவிட்டது. வீட்டுக்காரர், "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்கிறார். கீழே போய் முழு உடம்பு செக்கப் எடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. செக்கப்புக்குச் செலவழிப்பதற்கு முன் உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படிப்போம். பாதிப் பதில் அதில் இருக்கிறது.

முதலில் அந்த மூன்று கிலோ. உப்புசத்துக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்ததால் இறங்கியதா, வழக்கம்போலச் சாப்பிட்டும் இறங்கியதா? இதை நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மலத்தில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் அப்படித்தான். இந்த வாரமே நேரில் டாக்டரைப் பாருங்கள். குடல் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

அடுத்து, அந்த இரண்டு 'நார்மல்'. எண்டோஸ்கோப்பிக் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் ஆரம்பம் வரைதான் போகும். அதற்குக் கீழே இன்னும் ஐந்தாறு மீட்டர் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரியும், கல்லீரல் தெரியும். குடலின் உள்சவ்வு தெரியாது. ஆக, பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பதோடு அந்த ரிப்போர்ட் நிற்கிறது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். மழைக்காலத்தில் ஆரம்பித்தது, முட்டை வாடை ஏப்பம், உப்புசம், முடியாத பேதி. இவ்வளவும் சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஜியார்டியா. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி இது. சிறுகுடலின் மேல்பகுதியில் சவ்வோடு ஒட்டிக்கொண்டு வாழும். மலம் எண்ணெய்ப் பிசுக்காக, கடும் நாற்றத்தோடு மிதக்கிறதா என்று கவனியுங்கள். ஊற்றுத் தண்ணீர் பளிங்கு போலத்தான் இருக்கும். ஆனால் மழை அடிக்கும்போது மேட்டில் உள்ள மனிதக் கழிவும் மாட்டுக் கழிவும் அதில் இறங்குவதை யார் தடுப்பது? வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லையே என்பீர்கள். தொந்தரவே இல்லாமல் இதைச் சுமப்பவர்களும் உண்டு.

இதற்கு மலப் பரிசோதனை போதும். ஒரே ஒரு சாம்பிளை நம்பாதீர்கள். இந்த ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளிவராது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சாம்பிள் கொடுக்க வேண்டும். ஜியார்டியா ஆன்டிஜென் பரிசோதனை கிடைத்தால் இன்னும் நல்லது. மலைக்கு வந்த புதிதில் ஒரு சாம்பிளைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று நானே ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு மாதம் கழித்து மூன்றாவது சாம்பிளில் மாட்டியது. உறுதியானால் சில நாள் மருந்தில் பெரும்பாலும் குணமாகும். கடையில் கேட்டு வாங்கி அரைகுறையாகப் போடாதீர்கள்.

அதுவரைக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். சூடு காட்டி இறக்குவது காய்ச்சுவது ஆகாது. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 டிகிரி என்றால் கோத்தகிரி உயரத்தில் 94, ஊட்டியில் 92, 93. கிருமி சாக அதுவும் போதும், கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் தளதளவென்று மூன்று நிமிடம் என்பது கணக்கு. உங்கள் ஹட்டி அதற்குச் சற்றுக் கீழே இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், ஜியார்டியா அதை ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

பால் குடிப்பதில்லை என்கிறீர்கள். ஆறு டம்ளர் டீ, டம்ளருக்கு 60 மில்லி பால் என்றால் ஒரு நாளைக்கு 360 மில்லி ஆகிறது! அதில் 17, 18 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. வளர்ந்த பிறகு இதைச் செரிக்கும் நொதி குறைந்துபோவது நம்மில் மிகச் சாதாரணம். நாள் முழுக்கப் பிரித்துக் குடித்தால் பலருக்கும் தாங்கும். ஆனால் ஜியார்டியா குடல் சவ்வைப் புண்ணாக்கியிருந்தால், நேற்றுவரை தாங்கிய பாலும் இன்று உப்பவைக்கும். கிருமி போனபிறகும் சில வாரம் இது நீடிக்கலாம். ஆகவே இரண்டு வாரம் பால் இல்லாத டீ. தேயிலை போடுகிறவருக்கு அதைப் பாலில்லாமல் குடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. தயிர், மோர் பரவாயில்லை; அதிலுள்ள பாக்டீரியாவே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆனால் பாலை நிறுத்திப் பார்க்கும் இந்தச் சோதனையையும் ஜியார்டியா மருந்தையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். எதனால் சரியானது என்று பிறகு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கோதுமை விஷயத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். வர்க்கி மைதாவில் செய்வது, மைதா கோதுமைதான். ஆக நீங்கள் கோதுமையை நிறுத்தவே இல்லை. ஒருவகையில் நல்லதாயிற்று. சீலியாக் என்ற, கோதுமையால் சிறுகுடல் கெடும் நோய் வட இந்தியாவை விடத் தெற்கில் குறைவு. இருக்கிறதா என்று பார்க்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனையோ கோதுமையை விட்டுவிட்டால் பொய்யாக 'இல்லை' என்று சொல்லிவிடும். எனவே சப்பாத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு வேளையாவது கோதுமை என்று ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். எண்டோஸ்கோப்பியின்போது சிறுகுடலில் சதைத் துணுக்கு எடுத்தார்களா என்று பழைய ஃபைலிலும் தேடிப் பாருங்கள்.

முழு உடம்பு செக்கப்புக்குப் பதிலாக இவற்றைப் பாருங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, மலத்தில் கால்புரொடெக்டின் என்ற பரிசோதனை. கடைசியாகச் சொன்னது குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்; அதுவே பேதியைக் கொண்டுவரும்.

இத்தனையும் நார்மல் என்றால்? அப்போது ஐபிஎஸ் என்ற குடல் கோளாறாக இருக்கலாம். வாரத்தில் ஒருநாளாவது வயிற்றுவலி, அதோடு மலம் போவதில் மாற்றம், மூன்று மாதத்துக்கு மேல் என்பது அதன் அடையாளம். வலி பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் நான் அவசரப்படவில்லை. அதுவே என்றாலும் வீட்டுக்காரர் சொல்வதுபோல் 'மனசுல' இல்லை. குடலின் நரம்பும் மூளையும் பேசிக்கொள்வதில் வரும் சிக்கல் அது, அதற்கும் மருந்து இருக்கிறது.

அந்த கேஸ் மாத்திரையை இனி வாங்காதீர்கள். இரைப்பை அமிலம் கிருமிகளுக்கு ஒரு காவல். மாதக்கணக்கில் அதை அடக்கினால் குடல் தொற்று சுலபமாகும், பி12 குறையும். நிறுத்திய முதல் ஓரிரு வாரம் நெஞ்செரிச்சல் முன்பைவிட அதிகமாக வரலாம். அது தானாகத் தணியும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி கடைக்குப் போய்விடாதீர்கள்.