காட்டுத்தீக்குப் பின் ஊர்க்கூடத்துக்கு மானியம்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2019-20 காட்டுத்தீயில் அடிபட்ட ஊர் எங்களுடையது. பொதுக்கூடத்துக்கு ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் வாங்க மானியம் கேட்கலாம் என்கிறார்கள். எங்கள் குழு பதிவு பெற்றதல்ல. வழி உண்டா?

பதில்: உண்டு. பதிவு பெற்ற சங்கம் ஒன்று உங்கள் சார்பில் விண்ணப்பித்துப் பணத்தைப் பெற்றுக் கணக்குக் காட்டலாம். பல திட்டங்கள் இதை ஏற்கின்றன. யார் பொறுப்பு எதற்கு என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். கூடம் நகராட்சி நிலத்திலோ அரசு நிலத்திலோ இருந்தால் நில உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வேண்டும். அது கைக்கு வரத்தான் அதிக நாளாகும், இன்றே கேளுங்கள்.

பட்ஜெட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜெனரேட்டரின் விலையை மட்டும் போட்டால் போதாது. கூடத்தின் மின்பலகையில் மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சும் வெளியே இணைப்பு முனையும் பொருத்த உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் விலைப்புள்ளி இல்லையென்றால், வந்த இயந்திரம் சும்மா கிடக்கும். தொட்டி இரும்பாகவோ கான்கிரீட்டாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் அனலில் உருகிவிடும். தீயணைப்பு வண்டி நீர் எடுக்க விக்டோரியாவில் 64 மி.மீ. மரை இணைப்பு, பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் 65 மி.மீ. ஸ்டோர்ஸ் (Storz, மரையில்லாமல் திருப்பிப் பூட்டுவது) இணைப்பு. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எதையும் வாங்காதீர்கள். முன்பே செய்த செலவைப் பெரும்பாலான திட்டங்கள் தருவதில்லை.