கோடியக்கரைப் பறவைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பூநாரை காட்டுவதற்காகக் கோடியக்கரைக்குச் சென்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர்தான் இருந்தது. பறவைகள் வெகு தொலைவில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்ததோடு சரி. இவ்வாண்டும் டிசம்பர் கடைசியில்தான் விடுப்புக் கிடைக்கும். மீண்டும் போகலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போகலாம். ஆனால் நாள்காட்டியைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்வதைவிடத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு நிலம் மழைநீராலும், டெல்டாவின் வடிகால் ஆறுகள் கொண்டு வரும் நீராலும் நிரம்பிவிடுகிறது. கரைப்பறவைகள் நீந்தி இரை தேடுபவை அல்ல, நின்று தேடுபவை. ஆகவே எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதை அதன் காலின் நீளமே தீர்மானிக்கிறது. சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு போதும். அரை விரல் ஆழத்துக்கு மேல் அது இறங்காது. பவளக்காலி இன்னும் சற்று உள்ளே போகும், நெடுங்கால் உள்ளான் அதனினும் ஆழத்தில் நடக்கும், பூநாரை முழங்கால் அளவுத் தண்ணீரிலும் தலையைக் கவிழ்த்து இரையை வடிகட்டும். மழை ஓய்ந்து நீர் வடிய வடியச் சேற்றுத் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. உப்பளங்களிலும் வேலை தொடங்குகிறது. நீர் முழுவதும் பரவி நின்றபோது சிதறிக் கிடந்த பறவைகள் அப்போது நம் கண்ணுக்கு எட்டும் இடங்களில் கூடுகின்றன. பொங்கல் விடுமுறை தொடங்கிப் பிப்ரவரி வரையிலான நாட்களையே நான் எப்போதும் பரிந்துரைப்பது இதனால்தான்.

டிசம்பரைத் தவிர வேறு வழியில்லையென்றால், புறப்படுவதற்கு முன் கோடியக்கரை வனத்துறை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சதுப்பில் சேறு தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்று சொன்னால் பயணத்தை உள்நாட்டு ஏரிகளின் பக்கம் திருப்பிவிடலாம். தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் உள்ள வடுவூர் ஏரியும், முத்துப்பேட்டை அருகேயுள்ள உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. கோடியக்கரை சரணாலயமோ 2002-இலேயே அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. ஏரிகள் நிரம்பியிருக்கும் காலத்தில் ஊசிவால் வாத்து, நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் போன்றவற்றைக் கரையில் நின்றபடியே பிள்ளைகள் பார்க்க முடியும். பூநாரை கிடைக்காத ஏமாற்றத்தை ஒரு கூழைக்கடா மிக எளிதில் போக்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோடியக்கரைக்கே செல்வதானால் முதல் நாள் மாலையே வேதாரண்யத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் சதுப்பின் கிழக்கு ஓரத்தில் இருங்கள். அப்போது சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருப்பதால் பறவைகளின் மீது நேராக வெளிச்சம் விழும். பத்து மணிக்கு மேல் திறந்த சதுப்பில் கானல் எழுந்துவிட்டால் எத்தனை நல்ல கருவியாலும் உருவம் தெளியாது. காற்றையும் கவனியுங்கள், இவ்வளவு ஆழங்குறைந்த, பரந்த நீர்ப்பரப்பில் பலத்த காற்று தண்ணீரை ஒருபுறமாகத் தள்ளி மறுபுறம் சேற்றைத் திறந்துவிடும். நேற்று வெறுமையாக இருந்த இடத்தில் இன்று பெருங்கூட்டம் இருப்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

கேள்வி: சிறிய பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. படப் புத்தகத்தை வைத்துக்கொண்டும் பிரித்தறிய முடியவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: நிறத்தை மறந்துவிட்டு, அது இரை தேடும் விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்தி சிறிது தூரம் ஓடும், சட்டென்று நிற்கும், உற்றுப் பார்க்கும், ஒரே கொத்தாகக் கொத்தும். பெரிய கண்ணும் குட்டை அலகும் கொண்ட அது கண்ணால் இரையைக் காண்பது. உள்ளான்களில் பெரும்பாலானவை அப்படி நிற்பதில்லை. அலகின் நுனியில் தொடு உணர்வு மிகுதி என்பதால், தலையைக் குனிந்தபடியே சேற்றைத் துருவிக்கொண்டு நடக்கும். இந்த ஒரு வேறுபாட்டை ஒரு காலைப் பொழுது முழுவதும் பழகுங்கள். பெயர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து அலகின் நீளமும் வளைவும், அதன் பின்னர் காலின் நிறம். குளிர்காலத்தில் இவை மங்கிய இறகுகளோடு இருப்பது இயல்பு. மார்ச், ஏப்ரலில் வடக்கே புறப்படும் தறுவாயில் இவற்றில் பலவற்றுக்குச் செம்பழுப்பு நிறம் ஏறும்; அவ்வேளையில் மீண்டும் ஒருமுறை சென்றால், நீங்கள் குழம்பிய பறவைகள் தாமாகவே பிரிந்து நிற்கும். தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் கருவியே போதும். பத்து மடங்குக் கருவியைக் கடற்காற்றில் அசையாமல் பிடிப்பது பழகாத கைக்குக் கடினம்.

கேள்வி: கைப்பேசியில் நல்ல படம் எடுக்க எவ்வளவு அருகில் செல்லலாம்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலை நிமிர்ந்துவிட்டால், நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். இருபது, முப்பது கிராம் எடையே உள்ள கொசு உள்ளான் வடதுருவத்தை ஒட்டிய நிலப்பகுதிகளில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது. திரும்பிச் செல்லும் பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் அது சேர்த்தாக வேண்டும். கூட்டம் பறந்து எழும் காட்சிக்காகக் கை தட்டுவதையும் கல்லெறிவதையும் நான் பலமுறை பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் அப்பறவை சேமித்ததைச் செலவழிக்கிறது. மேயும் நேரத்தையும் இழக்கிறது. கைப்பேசியை உறைக்குள் வைத்துவிட்டு, வரப்பின் மீது அசையாமல் அமர்ந்திருங்கள். மேய்ந்துகொண்டே அவை உங்களை நோக்கி வருவதும் உண்டு.

கேள்வி: எங்கள் வலையில் சிக்கிய உள்ளான் ஒன்றின் காலில் எண் பொறித்த வளையம் இருந்தது. பயந்து விட்டுவிட்டோம். அது என்ன?
– மீனவர், ஆறுகாட்டுத்துறை

பதில்: விட்டது சரியே, அச்சப்பட வேண்டியதில்லை. பறவைகளின் வலசைப் பாதையை அறிவதற்காகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் நெடுங்காலமாக வளையமிட்டு வருகிறார்கள். 1980களில் சாலிம் அலி அப்பணிக்குத் தலைமை தாங்கினார். இனி அத்தகைய பறவை கிடைத்தால், வளையத்தைக் கழற்றாமல் எண்ணை மட்டும் படித்தோ படமெடுத்தோ குறித்துக்கொண்டு, நாளையும் இடத்தையும் எழுதிவைத்துப் பறவையைப் பறக்கவிடுங்கள். காலில் வண்ணக் கொடி இருந்தால் அதன் நிறத்தையும் எழுத்துகளையும் குறியுங்கள். கோடியக்கரை வனத்துறை அலுவலகத்தில் தெரிவித்தால் செய்தி உரியவர்களைச் சென்றடையும். உங்களைப் போல நாள்தோறும் கடலுக்குப் போகிறவர்கள் தரும் ஒரே ஒரு எண், ஒரு பறவை இரு நாடுகளுக்கிடையே சென்ற வழியை உறுதிப்படுத்தக்கூடும்.

கேள்வி: ஒரே நாளில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் கோடியக்கரையையும் பார்த்துவிட முடியுமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: முடியும், ஆனால் இரண்டையும் கெடுத்துக்கொள்வீர்கள். இரண்டு இடத்துக்கும் காலைப் பொழுதே சிறந்தது. முத்துப்பேட்டையில் படகு அமர்த்த வேண்டும். அதற்கு வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே பெற்றுவிடுங்கள். ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், கரைப்பறவைகளுக்காகக் கோடியக்கரையைத் தேர்ந்தெடுங்கள்.