வெள்ளம் வடிந்த வீட்டில் அடுப்பு மூட்டுமுன்: வாசகர் கேள்வி பதில்

மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு சென்னை வாசகர்கள் கேட்டவை.

தெருத் தண்ணீர் எங்கள் சம்ப்புக்குள் போய்விட்டது. இப்போது பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் போதாதா?
– வாசகி, வேளச்சேரி

போதாது. சேறு அடியில் தங்கிவிட்டதால்தான் மேலே தெளிவு. தெருவில் நின்ற தண்ணீர் என்றாலே பாதாளச் சாக்கடையும் கலந்ததுதான். அந்தச் சேறு இருக்கும்வரை எவ்வளவு பவுடர் கொட்டினாலும் குளோரினை அதுவே தின்றுவிடும்.

முதலில் முழுக்க இறைத்துவிட்டு, சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடியைத் திறந்த கையோடு யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சு விடக் காற்று இருக்காது. ஆழமான சம்ப் என்றால், காற்றடிக்கும் ப்ளோயரோடு வருகிற தொட்டி கழுவும் ஆட்களிடம் விட்டுவிடுங்கள். டீசல் பம்ப் வைத்தால் அது வெளியே, திறந்தவெளியில் இருக்கட்டும்.

பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பவுடர் கணக்கு. 5000 லிட்டர் சம்ப்புக்கு முக்கால் கிலோ. அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். மோட்டார் போட்டு மாடித் தொட்டியையும் நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். அடுத்து நிரப்பும் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும். அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிப்பதற்கு மட்டும், தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

வாங்கும்போது பவுடரை முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்பு. கழிவறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் இதைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

25 கிலோ அரிசி மூட்டையில் அடிப்பக்கம் நான்கு விரல்கடைதான் நனைந்தது. மேலே இருப்பதை வெயிலில் காயவைத்துச் சமைக்கலாமா?
– வாசகர், முடிச்சூர்

வேண்டாம். மனசு கேட்காதுதான். ஆனால் அரிசி, திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை மேலே இழுக்கும். நான்கு விரல்கடை என்று கண்ணுக்குத் தெரிவது கணக்கில்லை. காயவைத்தால் ஈரம் போகுமே தவிர, சாக்கடை போகாது. வெள்ளத்தில் முழுகிய ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், மசாலா டப்பா இவற்றுக்கும் இதே தீர்ப்பு. திருகு மூடியின் இடுக்கில் தண்ணீர் ஏறியிருக்கும். எவர்சில்வர் பாத்திரம் தப்பிக்கும்: சோப்பு போட்டுத் தேய்த்து, கொதிநீரில் முக்கி எடுங்கள். மரக் கரண்டியும் மத்தும் தப்பாது.

பால் பாக்கெட் கிடைக்கவில்லை. பால் பவுடர் கரைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, பள்ளிக்கரணை

பெரிய பிள்ளைகளுக்குத் தாராளமாக. கொதித்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கூடாது; தாய்ப்பால், அது இல்லையென்றால் கைக்குழந்தைகளுக்கென்றே வரும் பவுடர்தான்.

கிரைண்டர் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. காய்ந்துவிட்டதே, ஓட்டிப் பார்க்கட்டுமா?
– வாசகி, மடிப்பாக்கம்

ஓட்டிப் பார்ப்பதில்தான் மோட்டார் புகைந்துபோகிறது. வெளியே காய்ந்தாலும் மோட்டாரின் கம்பிச் சுருளுக்குள் ஈரமும் சேறும் நிற்கும்; மின்சாரம் பாய்ந்ததும் ஷார்ட் ஆகிவிடும். ஷாக் அடிக்கவும் வாய்ப்புண்டு. மெக்கானிக் பிரித்து, கழுவி, காயவைத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பிளக்கில் செருகுங்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி அலசி, ஒரு கைப்பிடி ஊறவைத்த அரிசியோடு கல் உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் ஓட்டிக் கொட்டிவிடுங்கள். அரைத்தது பழுப்பாக வந்தால் இன்னொரு முறை. வெள்ளையாக வரும்வரை உளுந்தை நனைக்க வேண்டாம்.