மூச்சுப் பயிற்சியும் டி சோதனையும்

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்தவன். ஆகஸ்டில் பிளஸ் டூ மாணவர்கள் 180 பேரிடம் தேர்வு பயம் பற்றி 20 கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்தேன். மொத்தம் 80 மதிப்பெண். சராசரி 36 வந்தது. பயம் அதிகமாக இருந்த 30 பேரைப் பிரித்தேன். அவர்களின் சராசரி 56. ஆறு வாரம் காலை பிரேயர் முடிந்ததும் அவர்களுக்கு மூச்சுப் பயிற்சி. பிறகு 180 பேருக்கும் மறுபடி அதே படிவம். அந்த 30 பேரின் சராசரி 47 ஆக இறங்கிவிட்டது. இறக்கம் வெறும் தற்செயலா என்று பார்க்க டி சோதனை என்ற புள்ளியியல் சோதனை போட்டுப் பார்த்தேன், அது தரும் பி மதிப்பு 0.001க்கும் கீழே. மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகலாம் என்கிறார் தலைமையாசிரியர். கணக்கு வாத்தியார் மட்டும் "சும்மா விட்டிருந்தாலும் இறங்கியிருக்கும் சார்" என்கிறார். 0.001 வந்த பிறகும் ஒருவர் இப்படிச் சொல்லலாமா? எக்செல் கோப்பை இணைத்திருக்கிறேன்.

ச. மு.

அன்புள்ள ச. மு.,

சொல்லலாம். உங்கள் கணக்கு வாத்தியார் விவரமான ஆள்.

கோப்பைத் திறந்ததும் நான் தேடிப் போனது உங்கள் கடிதத்தில் வராத 30 பேரை. ஆகஸ்டில் பயம் மிகக் குறைவாக இருந்தவர்கள். அவர்களின் சராசரி அப்போது 17. இரண்டாவது முறை 25. பயப்படுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லையே! உச்சியில் இருந்தவர்கள் இறங்கியிருக்கிறார்கள், அடியில் இருந்தவர்கள் ஏறியிருக்கிறார்கள், 180 பேரின் சராசரி மட்டும் அதே 36இல் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு பையன் படிவத்தில் வாங்கும் மதிப்பெண்ணில் அவனுடைய வழக்கமான பயமும் இருக்கிறது, அன்றைய நாளின் கோளாறும் இருக்கிறது. முதல் நாள் வீட்டில் திட்டு வாங்கியிருப்பான், இயற்பியல் டெஸ்ட் பேப்பர் அன்று காலைதான் கைக்கு வந்திருக்கும். மேலே இருக்கும் 30 பேரைப் பொறுக்கி எடுக்கும்போது, நிஜமாகவே பயந்தவர்களோடு அன்றைக்கு மட்டும் நேரம் சரியில்லாதவர்களும் சேர்ந்து வருவார்கள். அடுத்த முறை அந்தக் கோளாறு வேறு யார் தலையிலாவது விழும். இதைத்தான் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறார்கள். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886இல், பெற்றோரின் உயரத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு இதை எழுதினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை.

இதைக் கணக்காகவே போட்டுவிடலாம். உங்கள் கோப்பில் இரண்டு முறைக்கும் இடையிலான ஒட்டுறவு, அதாவது இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு (முழுக்க ஒத்துப்போனால் 1), 0.6. தேர்ந்தெடுத்தவர்கள் சராசரியைவிட 20 மேலே இருந்தார்கள். அந்தத் தூரத்தில் அடுத்த முறை மிஞ்சுவது இந்தப் பங்குதான்: 20ஐ 0.6ஆல் பெருக்கினால் 12, அதை 36ஓடு கூட்டினால் 48. அப்படியென்றால் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அவர்கள் 48 பக்கம் வந்து நின்றிருப்பார்கள். வந்தது 47. ஒன்பது மதிப்பெண் இறக்கத்தில் மூச்சுப் பயிற்சியின் கணக்கில் எழுத மிஞ்சுவது ஒன்று. 30 பேரை வைத்துக்கொண்டு அந்த ஒன்றை நம்ப முடியாது. கீழே இருந்தவர்களுக்கும் இதே கணக்குதான்: 36இலிருந்து 11.4 கழித்தால் 24.6. அவர்கள் வந்து நின்றது 25.

அப்புறம் அந்த 0.001 என்ன ஆனது? அது பொய் சொல்லவில்லை. உண்மையில் மாற்றமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு பெரிய இறக்கம் தற்செயலாக வருவது மிக அரிது, அவ்வளவுதான் அது சொல்வது. இறங்கியது நிஜம். எதனால் இறங்கியது என்று டி சோதனைக்குத் தெரியாது. உளவியல் ஆய்வேடுகளில் பாதி இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறது என்பது என் அபிப்பிராயம்.

உளவியலாளர் டேனியல் கானமன் ஒருமுறை இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் பாராட்டின் பலன் பற்றிப் பேசினார். ஒரு பயிற்சியாளர் எழுந்து, நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், சொதப்பியவனைக் கத்தினால் தேறுகிறான் என்றாராம். இரண்டுமே கத்தாமலும் பாராட்டாமலும் நடந்திருக்கும். நம்மூரில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் அன்றுதான் பாண்டி கோயிலுக்கு ஓடுகிறோம், டாக்டரிடமும் அன்றுதான். மறுநாள் இறங்கினால் பேர் வாங்குவது கடைசியாகப் போன இடம்.

மூச்சுப் பயிற்சி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பலன் இருக்கலாம். இந்தக் கோப்பு அதற்குச் சாட்சி சொல்லாது. சாட்சி வேண்டுமென்றால், பயம் அதிகமான பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டு எழுதிக் குலுக்கி, பாதிப் பேருக்கு இப்போதும் மீதிப் பேருக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகும் பயிற்சி கொடுங்கள். யாருக்கும் பயிற்சி இல்லாமல் போகாது. சராசரியை நோக்கித் திரும்புதல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நடக்கும், மிச்சமிருக்கும் வித்தியாசம் பயிற்சியுடையது. ஆனால் 30 பேர் போதாது. நடுத்தரமான ஒரு பலனை, அதாவது பாதித் திட்டவிலக்க (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) வித்தியாசத்தை, ஐந்துக்கு நான்கு முறையாவது கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு 64 பேர் வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் உங்களோடு படித்தவர்கள் இருப்பார்கள், இரண்டு மூன்று பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்டம் முழுக்க என்பதைத் தலைமையாசிரியர் கொஞ்சம் ஆறப்போடட்டும்.

படிவத்திலும் எனக்கு ஒரு குறை. ஏழாவது கேள்வி: 'தேர்வு நேரத்தில் என் உள்ளங்கை வியர்க்கிறது.' தகர ஷெட்டில், இந்த மதுரை வெயிலில், முதல் ரேங்க் வாங்குகிறவனுக்கும் வியர்க்கும். அதை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, பயிற்சி கொடுத்த நீங்களே இரண்டாம் படிவத்தையும் வாங்கியிருக்கிறீர்கள். ஆறு வாரம் மெனக்கெட்ட சார் மனசு நோகக்கூடாது என்று பிள்ளைகள் நினைக்க மாட்டார்களா? ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் இந்தப் போக்கை உளவியலாளர் மார்ட்டின் ஓர்ன் 1962லேயே விளக்கியிருக்கிறார். அடுத்த முறை இந்தப் பயிற்சியோடு சம்பந்தமில்லாத வேறொரு ஆசிரியர் வந்து வாங்கட்டும்.

கடைசியாக, கோப்பில் 180 பிள்ளைகளின் பெயரும் இருந்தது. யாருக்கு எவ்வளவு பயம் என்பது முன்பின் தெரியாத எனக்கு வந்து சேர்ந்திருக்கக் கூடாது. கணக்கு முடிந்ததும் அழித்துவிட்டேன். இனி பெயருக்குப் பதில் எண் போட்டு அனுப்புங்கள், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் உங்கள் பீரோவில் பூட்டியிருக்கட்டும்.