இரண்டு பந்தயங்களுக்கு நடுவே: கார் தயாரிப்பு கேள்வி-பதில்

இந்த முறை எழுதியவர்களில் பலரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் தாங்களே ஸ்பேனர் பிடிப்பவர்கள். கூடுதல் குதிரைத்திறன் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்விகளை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கிற காரைக் கடைசி லேப் வரை ஓட வைப்பது பற்றிய கேள்விகளுக்குத்தான் இங்கே முன்னுரிமை.

அடுத்த பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். எங்கே தொடங்குவது?

காரைக் கழுவுவதற்கு முன்னால் நன்றாகப் பாருங்கள். பலரும் வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடுகிறார்கள். தூசி படிந்த அடிப்பாகத்தில் ஈரமாக ஒரு கோடு தெரிந்தால், அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் கசிகிற இடம் கிடைத்துவிடும். கழுவிவிட்டால் அந்தத் தடயம் போச்சு. ஒரு போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் அந்த இணைப்பு லேசாக ஆடுகிறது என்று அர்த்தம். டிரைவ்ஷாஃப்ட் ரப்பர் கவரைச் சுற்றி கிரீஸ் தெறித்திருந்தால் கவர் கிழிந்திருக்கிறது. அப்புறம், ஓட்டும்போது உணர்ந்ததை எல்லாம் முதல் மாலையே நோட்டில் எழுதிவிடுங்கள்: எந்த வளைவில் என்ன சத்தம், எந்த கியர் தயங்கியது, பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் இழுத்தது. ஒரு வாரம் போனால் இதில் பாதி ஞாபகத்தில் இருக்காது.

முதல் இரண்டு மாலைகளைச் சோதனைக்கு மட்டும் ஒதுக்கி, வாங்க வேண்டிய பாகங்களை உடனே ஆர்டர் செய்யுங்கள். பாகம் வருவதற்குள் மற்ற வேலைகளை முடிக்கலாம். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), சீட், பெல்ட் ஆகியவற்றின் ஒவ்வொரு நட்டையும் சரியான டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முடுக்கி, நட்டிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு உடைந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டைக் கழற்றினால் புதிதாகப் போடுங்கள். பழைய வளையத்தின் பிடி தளர்ந்திருக்கும்.

பந்தயத்துக்கு முந்தைய மாலையைக் காலியாக விடுங்கள். அன்றைக்குப் போய்ப் புதிய பாகம் எதையும் மாட்ட வேண்டாம்.

ஐந்தாறு லேப் போனதும் பிரேக் பெடல் ஆழமாக இறங்குகிறது. ஆறியதும் சரியாகிவிடுகிறது. விலை கூடிய பேடு மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.

பேடு மாற்றியும் மாறவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரேக் போதவில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும், கால் சொல்கிற சேதி மூன்று விதம். பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மிதி சரியாக இருந்தால், வீல் பியரிங் ஆட்டமோ டிஸ்க்கின் நெளிவோ பேடுகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சூடு ஏற ஏறப் பெடல் மெத்தென்று ஆகி, ஆறியதும் திரும்பினால், பிரேக் ஆயில் கொதிக்கிறது. உங்களுடையது மூன்றாவது.

கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் கால் தரை வரை போகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். பந்தயத்துக்கென்றே விற்கும் ஆயில்களில் புதிய நிலையில் 300 டிகிரியைத் தாண்டுபவை உண்டு. பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றிவிட்டு அப்படி ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் நான்கு சக்கரத்திலும் ப்ளீட் செய்யுங்கள், அதாவது குழாயிலுள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுங்கள். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருப்பதைப் பந்தயக் காருக்குப் பயன்படுத்தாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் அடிப்படையிலானது. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது.

பேடு பாதி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். மெலிந்த பேடு காலிப்பருக்குள் இன்னும் வேகமாகச் சூட்டைக் கடத்தும். குளிர்காற்றுக் குழாய் பொருத்துவதாக இருந்தால் காற்று டிஸ்க்கின் மையத்துக்குப் போகட்டும். உள்ளே இடைவெளி உள்ள டிஸ்க், காற்றை மையத்திலிருந்து வெளிப்புறமாகத் தானே இறைத்துக்கொள்ளும். டிஸ்க் முகத்தில் தலைமுடி போன்ற வெடிப்புகள் இருந்தால் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். வெடிப்பு விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த டிஸ்க் முடிந்தது. சூடான காரை நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள்.

நீளமான இடது வளைவில் ஆயில் பிரஷர் முள் சட்டென்று விழுந்து, நேர்ச்சாலையில் திரும்ப ஏறுகிறது. ஆயில் அளவு சரியாகத்தான் இருக்கிறது. மீட்டர் கோளாறா?

மீட்டர் கோளாறு என்று வைத்துக்கொண்டு ஒரு லேப் கூட ஓட்டாதீர்கள். உங்கள் மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது.

பந்தய டயரில் 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) பக்கவாட்டு விசை வரும் வளைவில், ஆயில் சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில் உள்ள ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாயும். குட்டையான வளைவென்றால் சமாளித்துவிடும். நீளமான வளைவில் ஆயில் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்துவிடும். பம்ப் காற்றை இழுக்கும். பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையிலுள்ள பியரிங்தான் முதலில் அடிவாங்கும், அதுவும் நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும்போது. இது தொடர்ந்தால் ஒருநாள் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கொட்டிய ஆயிலில் பின்னால் வருபவரும் சறுக்குவார்.

இப்போதே செய்யக்கூடியது: ஆயில் ஃபில்டரைக் கழற்றி, ஃபில்டர் கட்டரால் வெட்டித் திறங்கள். ரம்பத்தால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து உங்களைக் குழப்பும். மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளக்கும் செதில்கள் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பியரிங் மேற்பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்; சம்ப்பைக் கழற்றி பியரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். வருத்தமான செய்திதான். ஆனால் இந்த நிலையில் பியரிங் செட்டோடு தப்பிக்கலாம். இன்னொரு பந்தயம் ஓட்டினால் முழு இன்ஜினும் போகும்.

நிரந்தரத் தீர்வு, உறிஞ்சு குழாயைச் சுற்றி ஆயிலைச் சிறைப்பிடிக்கும் தடுப்புத் தகடுகள் வைத்த சம்ப். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகள் அதில் இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் போதாவிட்டால், அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்து வைத்து, பிரஷர் விழும்போது திருப்பித் தரும் அக்யூமுலேட்டர் உதவும். உங்கள் பிரிவின் விதி அனுமதித்து, செலவும் கட்டுப்படியானால், ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப். எதைச் செய்தாலும் கண்ணுக்கு நேராக ஒரு பெரிய எச்சரிக்கை விளக்கு வையுங்கள். கம்பெனி பொருத்தும் சுவிட்ச் பிரஷர் கிட்டத்தட்டக் காலியான பிறகுதான் விளக்கை எரியவிடும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 0.7 பார் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் அந்த எச்சரிக்கை எவ்வளவு தாமதமானது என்று புரியும்.

ஆன்டிஃப்ரீஸ் ஊற்றக் கூடாது என்று விதியில் போட்டிருக்கிறது. வெறும் தண்ணீர் போதுமா?

ஆன்டிஃப்ரீஸ் என்பது ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்ப்பது. அதிலுள்ள கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் பாதையில் சிந்தினால் வழுக்கும், சுலபத்தில் காயாது. அதனால் தடை. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் அந்தக் கலவையைவிட மேல். ஆனால் காய்ச்சி வடித்த நீரும், கிளைக்கால் இல்லாத துருத்தடுப்பு மருந்தும் சேர்த்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியையும் சோதியுங்கள்: 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது, ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த லாபத்தை அழித்துவிடும். உறைபனி விழும் இடத்தில் காரை நிறுத்தி வைப்பவர்கள் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிளாக் வெடிக்கும்.

பின்பக்கம் தடுப்பில் லேசாக உரசியது. பாடியில் கீறல்தான், ஆனால் ஸ்டியரிங் நேராக இல்லை. நானே சரிபார்க்க முடியுமா?

முடியும், நூலும் ஸ்கேலும் போதும். சமதளத்தில் காரை நிறுத்தி, உங்கள் எடைக்குச் சமமான சுமையை சீட்டில் வைத்து, டயர் காற்றைச் சரிசெய்து, காரை முன்னும் பின்னும் உருட்டி சஸ்பென்ஷனை அமர விடுங்கள். இரு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டுங்கள். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக, காரின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும்; இதற்குத்தான் நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளந்தால், வித்தியாசம்தான் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். பின் சக்கரம் ஒருபுறமாகத் திரும்பியிருந்தாலே நேராகப் போக ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். முன்பக்கத்தைத் திருகி அதை மறைக்க வேண்டாம்.

வளைந்த சஸ்பென்ஷன் ஆர்மைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். அடிபட்ட மூலையின் ஹப்பையும் மற்ற பாகங்களையும் சுத்தம் செய்து, வெடிப்பு காட்டும் சிவப்புச் சாய ஸ்பிரேயால் சோதியுங்கள். துடைத்த பிறகு வெள்ளைப் பொடியின் மேல் சிவப்புக் கோடு எழுந்தால் அது வெடிப்பு.

ஒருவர் ஹார்னஸ் பெல்ட் தருகிறார். காலாவதியாகிவிட்டது, ஆனால் பார்க்கப் புதிது போல இருக்கிறது.

வேண்டாம். பெல்ட் நாடா வெயிலில் வலுவிழப்பது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கப் பாதுகாப்புத் தர அமைப்பான எஸ்எஃப்ஐ தரத்தில் இரண்டு ஆண்டுகள்தான் கணக்கு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரத்திலுள்ள பெல்ட்டில் எந்த ஆண்டோடு முடிகிறது என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். தேதி மீதமிருந்தாலும், பலமான மோதலைச் சந்தித்த பெல்ட் நீண்டிருக்கும். அதையும் மாற்ற வேண்டும். ஹெல்மெட்டிலும் இதே கவனம் தேவை. ஹெல்மெட்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஸ்னெல் அமைப்பின், மோட்டார் சைக்கிளுக்கான எம் தரத்தில் தீத்தடுப்புச் சோதனை கிடையாது, காருக்கான எஸ்ஏ தரத்தில் உண்டு.

வீல் நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும்?

தயாரிப்பாளர் சொன்ன டார்க், சுத்தமான உலர்ந்த மரை, எதிரெதிர் வரிசை, கடைசி முடுக்கு எப்போதும் டார்க் ரெஞ்சில். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் இன்னொரு முறை சோதியுங்கள். ஸ்டட்டும் தேய்கிற பாகம்தான்; மரை கரடானால் மாற்றுங்கள்.

ஒவ்வொரு சீசன் முடிவிலும் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

நன்றாக இருக்கிற இன்ஜினைப் பழக்கத்துக்காகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லீக்-டவுன் சோதனை செய்து முடிவெடுங்கள். பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, இன்ஜின் சுழலாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று மீட்டரில் பார்ப்பதுதான் அது. காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். இன்டேக் வழியே சீறினால் இன்டேக் வால்வு, சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். நல்ல பந்தய இன்ஜினில் கசிவு 5 சதவீதத்துக்குள் நிற்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் அதே மீட்டரால் அளந்து, சிலிண்டர் வாரியாகத் தேதியோடு எழுதி வையுங்கள். மற்றவை 4-லேயே நிற்க, ஒன்று மட்டும் 11-க்கு ஏறியிருந்தால், அப்போது பிரியுங்கள்.