வெறும் புல்வெளியில் மரம் நடலாமா?

"மூதூர், சேருவில பக்கம் சும்மா கிடக்கும் புல்வெளிகளில் மரம் நட்டால் யானைகளுக்கு நல்லதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணம் நல்லது, இடம்தான் பிழை.

ஆப்பிரிக்காவின் சவன்னாப் புல்வெளியைப் பாருங்கள். அங்குள்ள புல் முழு வெயிலில் வளர்வது. மரம் அடர்ந்து நிழல் கூடினால் புல் செத்துவிடும், அதை நம்பிய மான்கூட்டமும் போய்விடும்.

நம் திருகோணமலை மாவட்டத்து வில்லுகள், அதாவது மகாவலி ஆற்றோரத்தில் வெள்ளம் தேங்கும் புல்தரைகள், சவன்னா அல்ல, வெள்ளச் சமவெளி. ஆனாலும் கதை ஒன்றுதான். மாரியில் வெள்ளம் நிறையும். கோடையில் அது வற்ற வற்றப் பசும்புல் முளைக்கும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும் ஆடி, ஆவணியில் யானைகள் அந்தப் புல்லுக்குத்தான் வருகின்றன. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். ஆற்றின் மேற்பகுதியில் அணைகள் கட்டியபின் வெள்ளத்தின் போக்கே மாறிவிட்டது. அப்புறம் வயலும், ஆகாயத்தாமரைக் களையும், பட்டி மாடும் அந்தப் புல்லைக் குறைக்கின்றன. மாட்டுக்காரரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேய்ச்சல்தரை வயலானால் அவர்கள் எங்கே போவார்கள்?

சரி, மரம் நடத்தான் வேண்டுமென்றால் காடு வெட்டப்பட்ட இடத்தில் பாலை, வீரை மரங்களை நடுங்கள். வில்லைப் புல்லுக்கே விட்டுவிடுங்கள்.